எச்சம்

ஐந்தேகாலுக்குப் பள்ளிக்கரணை.
ரேடியல் சாலைக் கண்ணாடிக் கட்டடங்கள்
இன்னும் இரவு ஷிப்டில் இருக்கின்றன.
குப்பைமேட்டிலிருந்து காற்று,
முகக்கவசத்துக்குள்ளும் வரும்
பழகிய கடன்காரனைப் போல.

என் வேலை எளிது.
வாத்துகள் எழும்பிப் போனபின்
அவை நின்ற சேற்றில் குனிந்து
ஈரம் காயாத எச்சத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டு
இளஞ்சிவப்புத் திரவக் குப்பிக்குள் முறித்துப் போட வேண்டும்.
மூடியில் எண். தாளில் நேரம்.
இனம் என்ற கட்டத்தில்
ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஊசிவால், ஊசிவால்,
தெரியவில்லை.

டாக்டர் எஸ்தர் பிரமிளா சொன்னார்:
ஊசிவாலுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.
குடலில் வைத்துக்கொண்டே மலை தாண்டும்,
இங்கே இறங்கிக் கோரைக்கிழங்கு தின்னும்,
திரும்பிப் போகும்.
சுமப்பது தெரியாமல் சுமக்கிறவர்களை
விசாரிக்கிற உத்தியோகம் நமக்கு.

இன்னொரு நாள் அவரே,
டீ ஆறிக்கொண்டிருந்தபோது:
"முதல்ல இது கொடூரமா மாறினது பண்ணையிலதான், செங்கமலம்.
நாம நெருக்கி அடைச்ச இடத்துல.
அங்கேருந்துதான் காட்டுப் பறவைக்குப் போச்சு.
நம்மதைத்தான் திருப்பிக் கொண்டாருது."
நான் கிளாஸ்களைக் கழுவப் போனேன்.

இந்த வாரம் காகங்கள்.
பெருங்குடி ரயில் நிலையப் படிக்கட்டுக்குக் கீழே மூன்று.
தண்ணீர் லாரி மேல் ஒன்று,
அது எந்தத் தெருவிலிருந்து வந்ததென்று
டிரைவருக்கும் தெரியவில்லை.
மிச்சக் காகங்கள் கம்பியில் வரிசை கட்டி
வெள்ளை உடுப்புக்காரியைத் திட்டித் தீர்த்தன.
ஒவ்வொன்றையும் இரண்டு பைகளில் போட்டு முடிந்தேன்.
அமாவாசைக்கு இலையில் சோறு வைத்துக்
கா கா என்று தொண்டை வறளக் கூப்பிட்டவர்கள்
பால்கனியில் நின்றார்கள்.
கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வேன் வராத நாளில் ஆட்டோ.
ஐஸ் உருகுவதற்குள் மாதவரம் போயாக வேண்டும்.
மடியில் பெட்டி.
கத்திப்பாரா சிக்னலில் டிரைவர் திரும்பிக் கேட்பார்,
"மீனாக்கா?"
ஆமாம் என்பேன்.
"வஞ்சிரம் என்ன விலை?"
அதற்கும் ஏதோ சொல்வேன்.

தெருமுனைக் கோழிக்கடை காதர் மைதீன்
இப்போதெல்லாம் என் பையைப் பார்க்கிறார்,
என்னைப் பார்ப்பதில்லை.
வாட்ஸப்பில் யாரோ ஏதோ போட்டுவிட்டார்கள்.
கரும்பலகையில் முந்தாநாள் இருநூற்றிருபது,
இன்று நூற்றிருபது, அதையும் பாதி அழித்திருக்கிறார்.
கூண்டில் கோழிகள்
ஒன்றன் முதுகில் ஒன்று தூங்குகின்றன.
"ரிசல்ட் வந்துடுச்சா" என்று கேட்க வாயெடுத்து
"சாப்டாச்சா" என்கிறார்.
இன்னும் இல்லை என்கிறேன்.
இரண்டுக்கும் அதுதான் பதில்.

ராத்திரி, மகனுக்குத் தமிழ் இலக்கணம்.
"எச்சம்னா உன் ஆபீஸ்ல இருக்கறதாம்மா?"
அது வேற.
இது முடியாத சொல்.
இன்னொரு சொல் வந்தால்தான் முடியும்.
வந்த என்று அச்சிட்டு, பக்கத்தில் ஒரு கோடு.
வந்த பறவை. வந்த சளி. வந்த கடிதம்.
போபாலிலிருந்து வராத கடிதம்.
நான் ஒன்றும் சொல்வதற்குள் அவன் எழுதிவிட்டான்:
வந்த விருந்தாளி.
சரிதான் என்றேன்.
எழுந்துபோய் இரண்டு கைகளையும்
இன்னொரு முறை கழுவினேன்.

மொட்டைமாடியில் பூட்ஸ் காய்கிறது.
எடுக்கப் போனபோது மேலே சத்தம்.
மெலிதாக, விட்டுவிட்டு,
யாரோ ஈரச் சீழ்க்கை அடிப்பது மாதிரி,
வேளச்சேரி மேம்பாலத்துக்கு மேலாக வடக்கே.
மாசியிலேயே கிளம்பிவிட்டன.
எத்தனை என்று தெரியவில்லை, அவ்வளவு உயரம்.
பழக்கதோஷத்தில் மணியைப் பார்த்தேன்:
பதினொன்று நாற்பது.
எழுதக் கையில் தாளில்லை.